சாயங்காலத்தைத் திருடியவன்

"சாயங்காலம் வரைக்கும் உனக்கு நேரம், பொண்ணே. மணி அடிச்சதும் சபை கலைஞ்சிடும். அப்புறம் நீ பரலோகத்துலேர்ந்து சாட்சி கூட்டிட்டு வந்தாலும் செல்லாது."

சொல்லிவிட்டு ஊர்த்தலைவர் துய்லோமா தன் தூணில் இன்னும் சுகமாகச் சாய்ந்துகொண்டார்.

சமோவாத் தீவுகளில் ஒரு கடலோர ஊர் ஃபங்கலூமா. அதன் ஊர்ச்சபை வீட்டுக்குச் சுவர் கிடையாது. சுற்றிலும் தூண்கள். ஆளுக்கொரு தூண், பட்டத்துக்குத் தக்க தூண். துப்பறியும் பெனினாவுக்குத் தூண் கிடையாது. கூரையின் ஓரத்தில், பாதி உடம்பு வெயிலில் காயும்படி அவளை உட்கார வைத்திருந்தார்கள். பாய்க்குக் கீழே பரப்பியிருந்த பவளக் கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் அவள் தொடையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தன.

"ஐயா, ஒரு பொம்பளையை ஊரைவிட்டே துரத்தறீங்க. அவ கைக்குழந்தையைப் பிடுங்கி வெச்சுக்கறீங்க. இதுக்கு இன்னும் கொஞ்சம் யோசிக்கக் கூடாதா?"

"குழந்தை எங்க ரத்தம். அவ வந்தவ. யோசிக்காம என்ன? இந்த வழக்கு ஆரம்பிச்சதுலேர்ந்து உட்கார்ந்தே கிடக்கோம். வருஷக்கணக்கா என்னைப் பாடாப்படுத்தற முட்டி, இந்த வழக்குல ஒரு தடவைகூட முனகலை. ஏன்னு கேளு. நியாயத்துக்காக உட்கார்ந்தா ஆண்டவரே வலியை எடுத்துடறார்."

"உண்மை, உண்மை" என்றன மற்ற தூண்கள்.

எதிர்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் சிரித்தார். "நீ பட்டம் வாங்கினவளாமே? உன்னோடது காகிதத்துல வந்த பட்டம்மா. இங்க உட்கார்ந்திருக்கிறதெல்லாம் ரத்தத்துல வந்த பட்டம்."

பெனினா பல்லைக் கடித்தாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அந்தக் காகிதத்துக்காக அவள் அம்மா புருஷன் வீட்டில் எத்தனை பேருடைய எச்சில் தட்டைக் கழுவினாள் என்று சொல்லலாம். சொன்னால் இவர்களுக்குப் புரியாது. இவர்கள் யாரும் ஒரு தட்டைக்கூடக் கழுவியதில்லை.

எழுந்தாள். சபையில் அப்படிச் சட்டென்று எழக் கூடாது. குனிந்து, மெல்ல, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நகர வேண்டும். அவள் நிமிர்ந்தே நடந்து வெளியே வந்தாள்.

ஈரப்பலா மரத்தடியில், குற்றம் சாட்டப்பட்ட மரேதா உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் குழந்தை. அது அம்மாவின் கழுத்துச் சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்தது. புருஷன் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போயிருக்கிறான். புருஷனின் அண்ணன் வீட்டில் மரேதா சமைக்கிறாள், துவைக்கிறாள், பெருக்குகிறாள். அந்த வீட்டில் ஒரு சன்னப்பாய் காணாமல் போனால் முதலில் யாரைக் கைகாட்டுவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

சன்னப்பாய் என்றால் படுக்கிற பாய் இல்லை. பட்டுத்துணி போல மடியும். ஓரமெல்லாம் சிவப்பு இறகு. அதற்கென்று தனிப் பெயர் உண்டு, கதை உண்டு. குடும்பத் தலைவராக இருந்த பழைய பட்டக்காரர் இறந்துவிட்டார். நாளைக்கு அடக்கம். அடுத்த பட்டத்துக்கு நிற்கிறவன், மரேதா புருஷனின் அந்த அண்ணன்தான். அவன் அந்தப் பாயைச் சவப்பெட்டிக்கு முன்னால் விரித்தாக வேண்டும். பாயையே காப்பாற்றத் தெரியாதவன் குடும்பத்தை எப்படிக் காப்பாற்றுவான் என்று ஊர் கேட்கும். பட்டம் கைமாறிவிடும்.

"அக்கா, திரும்பத் திரும்பச் சொல்றேன்" என்றாள் மரேதா. "நான் குளத்துல துவைச்சுட்டு வந்துட்டிருந்தேன். பாதி வழியில மணி அடிச்சுடுச்சு. மணிக்கு அப்புறம் ரோட்டுல நின்னா அபராதம். பயந்துபோய் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சேன். ஜெபம் முடிஞ்ச மணி கேட்டதும் வெளிய வந்தேன். இளவட்டத் தலைவர் ஃபலானிக்கோ பாத்துட்டாரு."

"ஏன் மணிக்குள்ள வரலை?"

"எப்பவும் வந்துடுவேன்! அன்னிக்குச் சாயங்காலமே ஆகலை அக்கா. கடல்ல தெரியற சின்னத் தீவு இன்னும் வெயில்ல மஞ்சளா இருந்துச்சு. சத்தியமா."

சபையில் இதையே சொன்னபோது எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மணி அடித்த பிறகு சாயங்காலம் ஆகவில்லையாம்.

சாலையோரம் நின்ற டாக்சியின் மேல் சாய்ந்தபடி செமிசி ஒரு தேங்காயை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பெனினாவின் சித்தி மகன். டாக்சி ஓட்டுவது தொழில், அவளோடு அலைவது பொழுதுபோக்கு, வாயை மூடாமல் இருப்பது பிறவிக்குணம்.

"என்ன லாயரம்மா, சபையில ஜெயிச்சாச்சா?"

"சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுத்திருக்காங்க."

"எந்தச் சாயங்காலம்? தலைநகரம் ஆப்பியாவுல ஹோட்டல்காரன் மத்தியானத் தூக்கம் முடிஞ்சதும் வெள்ளைக்காரனுக்கு குட் ஈவினிங் சொல்றான். ஆஸ்பத்திரில ஈவினிங்னா நர்ஸு மாறுற நேரம். ரேடியோல ஈவினிங் நியூஸ் கேக்கறதுக்குள்ள நான் சாப்பிட்டே முடிச்சிருப்பேன். என் பொண்டாட்டிக்கு ஈவினிங்னா நான் வீட்டுக்கு வந்து திட்டு வாங்குற நேரம். அது எந்நேரமா இருந்தாலும் சரி."

பெனினா கையிலிருந்த போலீஸ் அறிக்கையைக் கசக்கினாள். ஜில்லாவிலிருந்து வந்த போலீஸ்காரர் நாற்காலியைவிட்டு எழாமலே எழுதியது. திருட்டு நடந்தது எப்போது? ஈவினிங். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் அது தகவலாகிவிடும் என்று நினைக்கிற ஆள். வெயில் தாழ்ந்ததிலிருந்து விளக்கணைக்கிறவரை எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் திணித்துவிடலாம்.

"இந்த ஊருக்கு எது சாயங்காலம்?" என்றாள்.

"மணி அடிச்சா சாயங்காலம். முதல் மணிக்கு வீட்டுக்குள்ள போகணும். ரெண்டாவதுக்கு ஜெபம். மூணாவதுக்கு ஜெபம் முடிஞ்சு சோறு. நடுவுல ரோட்டுல ஒரு நாய்கூட நடக்காது. நடந்தா இளவட்டப் பசங்க பிடிச்சு உட்கார வெச்சுடுவாங்க. சமோவா முழுக்க இதானே?"

"அப்ப, திருட்டு நடக்கணும்னா அந்த ஜெப நேரத்துலதான் நடக்கணும். அப்பதான் எல்லாரும் தலை குனிஞ்சு கண்ணை மூடியிருப்பாங்க. மத்த நேரமெல்லாம் சுவர் இல்லாத வீடு. ஒருத்தன் மூக்கைச் சொறிஞ்சாகூட ஊருக்கே தெரியும்."

"ஜெப நேரத்துல வெளிய இருந்தவ மரேதா ஒருத்திதான்னு அவங்களும் அதையேதான் சொல்றாங்க."

"ஒருத்திதானா?"

செமிசி தேங்காயைக் கீழே போட்டான். "சரி, காவல் பசங்க. ஆனா அவங்க ஜோடி ஜோடியா நிப்பாங்க. ஒருத்தனை ஒருத்தன் பாத்துட்டே இருப்பான்."

"வா."

லூப்பேயின் வீடு கடலைப் பார்த்தது. லூப்பேதான் காணாமல் போன பாய்க்குச் சொந்தக்காரி, மரேதாவின் ஓர்ப்படி. அடக்கத்துக்கு வந்த உறவுக்கெல்லாம் சமையல் நடந்துகொண்டிருந்தது. அவளும் தன் பங்குக்கு மூன்று பேர் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். வழக்கமாக அதில் இரண்டு பங்கு மரேதாவுடையது.

"பாய் எங்க இருந்துச்சு?"

"உள்ள. மெத்தைக்குக் கீழ." லூப்பே அவளைப் பார்க்காமலே சேப்பங்கிழங்கைச் சுரண்டினாள். "எத்தனை தடவை சொல்றது? அவளுக்கு மட்டும்தான் இடம் தெரியும்."

"அன்னிக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"என்ன கேள்வி இது?"

"சும்மா சொல்லுங்க."

பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண் முந்திக்கொண்டாள். "அன்னிக்கு யாரு சாப்பிட்டா? கிழங்கு வேகவே இல்லை. எங்க வீட்டுலயும் அப்படித்தான். நாக்குல அரிப்பு எடுத்துடுச்சு. மழை ஈரத்துல விறகு சரியில்லை போல."

"மழை பெஞ்சுதா அன்னிக்கு?"

அந்தப் பெண் யோசித்தாள். "இல்லையே. நல்ல காத்து."

பெனினா முற்றத்தில் இறங்கினாள். பின்னாலேயே வந்த செமிசி "ஐயோ!" என்று கத்தி ஒற்றைக்காலில் குதித்தான்.

"கல்லு! புல்லுக்குள்ள எவன் கல்லைப் போட்டு வெச்சான்? என் கால்விரல் போச்சு. நான் டாக்சி ஓட்டற காலு அது!"

"கத்தாம இன்னொரு கல்லு எங்க இருக்குன்னு பாரு."

"இன்னொண்ணுலயும் இடிச்சுக்கவா?"

இன்னொன்று இருந்தது. அதற்கு நேராக மூன்றாவது. எதிர்மூலையில் நான்காவது. நாலு கல்லையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு விரிப்பின் நீள அகலம். காற்றில் எதுவும் பறந்துவிடாமல் மூலைக்கொரு கல் வைத்தது போல.

பெனினா நிமிர்ந்து பார்த்தாள். லூப்பேயின் கையில் கத்தி அப்படியே நின்றிருந்தது.

அவளை வீட்டின் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "பாய் மெத்தைக்குக் கீழ இல்லை. இங்க வெளிய காத்தாடக் கிடந்துச்சு. ஆமாவா இல்லையா?"

லூப்பேயின் முகம் வெளிறியது. "மெல்லப் பேசு. பெட்டியில வெச்சு வெச்சு வாடை அடிச்சுது. வெயில்ல போட்டேன். வெயில் மலைக்குப் பின்னாடி போனதும் எடுத்திருக்கணும். காத்து நல்லா இருந்துச்சு. மணிக்கு முன்னாடி எடுத்துக்கலாம்னு விட்டேன்."

"அதுக்குள்ள மணி அடிச்சுடுச்சு."

"சன்னப்பாயை ஒருத்தியா மடிக்க முடியாது. ரெண்டு பேர் வேணும். தரையில இழுபட விடக் கூடாது. இவளானா குளத்துலேர்ந்து வரலை. எட்டி எட்டிப் பாக்கறேன், ரெண்டாவது மணியும் அடிச்சுடுச்சு. குழந்தைங்க, மாமனாரு, எல்லாரும் உள்ள பாட்டுப் பாட ஆரம்பிச்சாச்சு. நான் எப்படி வெளிய போறது? ஜெபம் முடிஞ்சு வந்து பாத்தா நாலு கல்லுதான் கிடந்துச்சு."

"இதை ஏன் சபையில சொல்லலை?"

"நீ கல்யாணம் ஆகாதவ. உனக்குத் தெரியாது. குடும்பத்துப் பாயை முற்றத்துல போட்டுட்டு ஜெபத்துக்குப் போனவன்னு என்னை என் பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் சொல்லுவாங்க."

"அதனால அவ குழந்தையை விட்டுட்டுப் போகட்டும்னு விட்டுட்டீங்க."

லூப்பே கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.  பெனினாவுக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அதைவிட மோசமாக, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இந்தப் பொம்பளைக்கும் ஒரு மாமியார் இருந்திருப்பாள்.

மைதானத்தில் பையன்கள் வாலிபால் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செமிசி நொண்டிக்கொண்டே போய் அவர்களோடு பேச்சுக் கொடுத்தான். திரும்பி வந்தபோது முகத்தில் நக்கல் இல்லை.

"அக்கா, அன்னிக்கு ஆட்டம் பாதியில நின்னுடுச்சாம். தினமும் மணிக்குள்ள ரெண்டு ஆட்டம் முடிஞ்சு மூணாவதும் நடக்குமாம். அன்னிக்கு ரெண்டாவதே முடியலை. தோக்க இருந்தவனுங்க ஆண்டவரே காப்பாத்தினாருங்கறானுங்க. ஜெயிக்க இருந்தவனுங்க இன்னும் சண்டைக்கு நிக்கறானுங்க."

"கிழங்கு வேகலை. ஆட்டம் முடியலை. குளத்துக்குப் போனவ வந்து சேரலை." பெனினா கடலைப் பார்த்தாள். பவளத்திட்டுக்கு அப்பால் சின்னத் தீவு ஒன்று, தலையில் ஒரு கொத்துத் தென்னையோடு. ஃபங்கலூமாவுக்குப் பின்னால் மலை. ஊரில் வெயில் சீக்கிரமே போய்விடும். ஆனால் தீவின் தென்னை உச்சியில் கடைசிவரை மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும். அது அணைந்ததும் மணி அடிக்க வேண்டும், அதுதான் முறை. "ஊரே தப்பு பண்ணலை செமிசி. மணிதான் தப்பு பண்ணியிருக்கு."

"ஊர்ல ஒருத்தனும் தீவைப் பாக்கலையா?"

"அதைப் பாக்கத்தான் ஒருத்தனை வெச்சிருக்காங்களே. அப்புறம் எதுக்கு இவங்க பாக்கணும்?"

"அப்ப ஜோடி இல்லாம நிக்கிறவன்…"

"மணி அடிக்கிறவன்."

செமிசி மெல்ல விசில் அடித்தான். "ஃபலானிக்கோ. இளவட்டங்களுக்குத் தலைவன். மரேதாவைப் பாத்தேன்னு சொன்னவன். செத்துப்போன பட்டக்காரருக்கு இவனும் ஒரு வாரிசு."

"வாரிசா?"

"வாலிபால் பசங்க சொன்னானுங்க. லூப்பே புருஷன் தடுமாறினா பட்டம் இவனுக்குத்தான். ஆனா அக்கா, வேகாத கிழங்கைக் கொண்டுபோய் சபை முன்னாடி வெக்க முடியுமா? பாய் எங்கன்னு கேப்பாங்க. எல்லா வீட்டையும் சோதனை போட்டாச்சு. கூரை ஓலையைக்கூட விரிச்சுப் பாத்தாச்சு."

"ரெண்டாவது மணிக்கும் மூணாவது மணிக்கும் நடுவுல அவன் எவ்வளவு தூரம் போக முடியும்? திரும்பி வந்து மணி அடிக்கணுமே."

"ரொம்ப தூரம் முடியாது. பக்கத்துல ஊர்ச்சபை வீடுதான் இருக்கு." செமிசி பின்பக்கத்தைத் தடவிக்கொண்டான். "அந்த வீட்டைச் சொல்லாத. காலைல உனக்குப் பின்னாடி கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், என் பின்பக்கம் பூரா கூழாங்கல் தடம். அந்தக் கிழவர் எப்படித்தான் நாள் முழுக்க அசையாம உட்கார்றாரோ."

பெனினா நடையை நிறுத்தினாள்.

"என்ன சொன்ன?"

"பின்பக்கம்னு சொன்னேன். மரியாதையில்லாமப் பேசிட்டேன், விடு."

 அவள் கண் மைதானத்தைக் கடந்து, ஊர்ச்சபை வீட்டை அடைந்து, அங்கேயே நின்றது. பிறகு திடீரென்று வேகமாக நடந்தாள். செமிசி நொண்டிக்கொண்டு ஓடினான்.

ஊர்ச்சபை வீட்டையொட்டிய மாமரத்தில் ஒரு காலி கேஸ் சிலிண்டர் கயிற்றில் தொங்கியது. அதுதான் ஃபங்கலூமாவின் மணி. அதன் கீழே இரும்புக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஃபலானிக்கோ உட்கார்ந்திருந்தான். அகலமான நெஞ்சு, எண்ணெய் தடவிய தலை, காதில் ஒரு செம்பருத்தி. சிரித்தால் யாருக்கும் பிடித்துப்போகும்.

"வாங்க படிச்சவங்களே. வேலையெல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான் ஃபலானிக்கோ." பெனினா களைப்பாக உட்கார்ந்தாள். "ஒரே ஒரு சாட்சிதான் பாக்கி. பக்கத்து ஊர் மீனவன். அன்னிக்குத் தீவுக்கிட்ட வலை போட்டிருந்தானாம். லூப்பே வீட்டு முற்றம் அங்கேர்ந்து நேரா தெரியுமாம். ஒரு ஆள் பாயைத் தூக்கிட்டுப் போனதைப் பாத்திருக்கான்."

செமிசி வாயைத் திறந்தான். பெனினா அவன் அடிபட்ட விரலை மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது.

"அப்படியா?" ஃபலானிக்கோவின் சிரிப்பு அதே இடத்தில் இருந்தது. கம்பிதான் மடியில் ஒருமுறை உருண்டது. "எங்க அவரு?"

"கடல்லதான். வெயில் இருக்கறப்பவே கரைக்கு வந்துடறேன்னு சொல்லியிருக்கான். மணி அடிச்சுட்டா படகைக் கரையேத்த விடமாட்டீங்களே."

"ஆமாமா. முறைன்னா முறைதான். மணிக்கு அப்புறம் படகு தண்ணியிலயே நிக்க வேண்டியதுதான்."

"சபையும் கலைஞ்சிடும். அதான் பயமா இருக்கு. நேரத்துக்கு வந்துட்டான்னா போதும்."

எழுந்து நடந்தபோது முதுகில் அவன் பார்வை குத்துவதை உணர்ந்தாள். காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் செமிசி வெடித்தான். "யாரு அந்த மீனவன்? எப்பப் பேசின? எனக்குச் சொல்லவே இல்லை! விரலை வேற மிதிக்கிற, மனுஷியா நீ?"

"வாயை மூடிட்டு வா. இல்ல, வராத. மணி மரத்துக்குப் பின்னாடி போய் நில்லு. அவன் கம்பியை எடுத்தா தடுக்காத. அப்புறம் ஓட விடாத."

சபையில் ஆவா என்ற வேர்ப்பானம் சடங்குப்படி சுற்றிவந்து முடிந்திருந்தது. ஊர் நிழலுக்குள் போய்விட்டது. பெனினா மறுபடி கூழாங்கல் மேல் உட்கார்ந்தாள். இம்முறை மரேதாவையும் கூட்டி வந்திருந்தாள். லூப்பேயும் வந்து தூரத்தில் நின்றாள், யாரும் கூப்பிடாமல்.

பெனினா பேசினாள். எதைப் பேசினோம் என்று அவளுக்கே நினைவில்லை. ஈரத்துணியைப் பற்றிச் சொன்னாள். ஈரத்துணி மூட்டைக்குள் சன்னப்பாயைச் சுருட்ட எந்தப் பொம்பளைக்கும் மனசு வராது என்றாள். பெரியவர்கள் கொட்டாவி விட்டார்கள். அவள் பேச்சை இழுத்தாள், சுற்றினாள், சொன்னதையே திருப்பிச் சொன்னாள். கை அவளையறியாமல் பாயின் நார் ஒன்றைப் பிய்த்துக்கொண்டே இருந்தது. மணி அடிக்கவில்லை. குழந்தை சிணுங்கியது. அவன் அடிக்காவிட்டால்? உண்மையான சாயங்காலம் வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தால்? அப்புறம் அவள் கையில் நாலு கல்லும் வேகாத கிழங்கும்தான். முட்டி விஷயம் வெறும் ஊகம். ஊகத்தை நம்பி ஒரு பட்டக்காரரை அவர் இடத்திலிருந்து எழுப்பினால் இவளையும் சேர்த்துத் துரத்துவார்கள்.

டங்.

சிலிண்டரின் சத்தம் ஊர் முழுக்க அதிர்ந்தது. டங். டங்.

மைதானத்தில் பந்து உருண்டு நின்றது. அம்மாக்கள் பிள்ளைகளைக் கூப்பிடும் குரல்கள். பெரியவர்கள் தலை குனிந்தார்கள்.

"முடிஞ்சுது பொண்ணே" என்றார் துய்லோமா. "சாயங்காலம் ஆயிடுச்சு. தீர்ப்பு நிக்குது. அவ குழந்தையை லூப்பேகிட்ட கொடுக்கட்டும்."

மரேதாவின் கை குழந்தையின் முதுகில் இறுகியது.

"மணி அடிச்சிருக்கு ஐயா" என்றாள் பெனினா. "சாயங்காலம் ஆகலை."

"என்ன திமிர்! ஜெப மணி அடிச்சப்புறம்…"

"தலையைக் கொஞ்சம் நிமிர்த்தித் தீவைப் பாருங்க."

யாரும் நிமிரவில்லை. அவள் குரல் உடைந்து கத்தலானது. "ஒரு தடவை! இந்த ஊர்ல ஒருத்தராவது ஒரே ஒரு தடவை பாருங்க!"

துய்லோமா அவளை எரித்துவிடுவது போல நிமிர்ந்தார். பார்வை அவளைத் தாண்டிக் கடலுக்குப் போனது. போனது திரும்பவில்லை.

பவளத்திட்டுக்கு அப்பால் தீவின் தென்னங்கொத்து முழுக்கப் பொன்னாக எரிந்துகொண்டிருந்தது. உச்சி மட்டும் இல்லை, பாதி மரம் வரை வெயில். ஒவ்வொரு தூணாக, ஒவ்வொரு தலையாக, சபை முழுவதும் திரும்பியது. ஊர் வீடுகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. 

"அன்னிக்கும் இப்படித்தான் அடிச்சான்" என்றாள் பெனினா. "சன்னப்பாய் முற்றத்துல கிடந்தப்ப. ஊரே அவசரமா உள்ள ஓடிச்சு. வெளிய தனியா நிக்க உரிமையுள்ள ஆள் ஒருத்தன்தான்."

"பாய் வீட்டுக்குள்ள இருந்துச்சுன்னு லூப்பே சொல்லியிருக்கா."

"பொய் சொன்னேன்."

லூப்பே முன்னால் வந்தாள். தரையைப் பார்த்தபடிதான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "வெளியதான் கிடந்துச்சு. நான்தான் விட்டேன். அவ எடுக்கலை."

மாமரத்துப் பக்கம் கம்பி விழும் சத்தம். "மரியாதையா நில்லு அண்ணே" என்று செமிசியின் குரல். "எனக்கு ஏற்கெனவே ஒரு கால்தான் நல்லா இருக்கு, என்னை ஓட வைக்காத." ஃபலானிக்கோவை இழுத்து வந்தான். காதுச் செம்பருத்தி காணாமல் போயிருந்தது.

"மேகம் மறைச்ச மாதிரி இருந்துச்சு ஐயா" என்றான் ஃபலானிக்கோ. "கண்ணு தப்பு பண்ணிடுச்சு. இதுக்காக என்னைத் திருடன்னு சொல்றதா? பாய் எங்கிட்ட இருக்கா? தேடிப் பாருங்க!"

"தேட வேண்டாம்" என்றாள் பெனினா. "இந்த வீட்டுக்குப் பாய் விரிக்கிறது யாரு?"

"இளவட்டங்க" என்றார் ஒரு பெரியவர். "ஃபலானிக்கோ பொறுப்புல."

பெனினா துய்லோமாவின் பக்கம் திரும்பினாள். முதல்முறையாகக் குனிந்து, முறைப்படி, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னாள். "ஐயா, வருஷக்கணக்கா வலிச்ச முட்டி இந்த வழக்கு ஆரம்பிச்சதுலேர்ந்து ஏன் வலிக்கலைன்னு ஆண்டவர்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி, கொஞ்சம் எழுந்து நிப்பீங்களா?"

 கிழவரின் கை, தானாகப் போவது போல, தான் உட்கார்ந்திருந்த பாயின் விளிம்பைத் தூக்கியது. அதற்குக் கீழே இன்னொரு பாய். அதற்கும் கீழே, பட்டுப் போல வழுவழுப்பாக, அவசரத்தில் கோணலாக மடிக்கப்பட்ட ஒன்று. விரலிடுக்கில் ஒரு சிவப்பு இறகு சிக்கியது.

அந்த இறகை அவர் வெகுநேரம் பார்த்தார். அந்தப் பாயின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் அதைத் திருடியவள் என்று ஒருத்திக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"அடக்கம் முடிஞ்சு பட்டம் கைக்கு வந்ததும் நானே கண்டுபிடிச்சேன்னு எடுத்துக் கொடுத்திருப்பான்" என்றாள் பெனினா. "எல்லாரும் அற்புதம்னு பாட்டுப் பாடியிருப்பீங்க."

 ஃபலானிக்கோ, மீனவனின் படகு வருகிறதா என்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். செமிசியும் பார்த்தான்.

"அக்கா, அந்தப் படகு எங்க?"

"எந்தப் படகு?"

செமிசி ஃபலானிக்கோவின் தோளை ஆறுதலாகத் தட்டினான். "எனக்கும் சொல்லலைண்ணே."

துய்லோமா தொண்டையைக் கனைத்தார். அவர் குரல் சின்னதாகியிருந்தது. "தீர்ப்பைச் சபை திரும்ப எடுத்துக்குது. பொண்ணு மரேதா, நீ ஊரைவிட்டுப் போக வேண்டாம்."

மன்னிப்பு வரும் என்று பெனினா காத்திருந்தாள். வரவில்லை. தூண்களுக்கு அந்தச் சொல் தெரியாது.

மரேதா எழுந்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "போறேங்கய்யா. ஆப்பியாவுல என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கு. என் குழந்தையோட."

"அதான் போக வேண்டாம்னு சொல்லியாச்சே!"

"நீங்க சொன்னீங்க" என்றாள் மரேதா. "இப்ப நான் சொல்றேன்."

"குழந்தை எங்க…" என்று ஆரம்பித்த பெரியவர், தலைவரின் கையிலிருந்த இறகைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

லூப்பே ஓடிப்போய் வீட்டிலிருந்து ஒரு துணி மூட்டையும் குழந்தையின் போர்வையும் கொண்டுவந்தாள். மூட்டையை டாக்சியில் வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு குழந்தையின் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். அவ்வளவுதான்.

செமிசி வண்டியைக் கிளப்பினான். தீவின் உச்சியில் கடைசி மஞ்சள் அப்போதுதான் அணைந்தது. மணிக்கு இதுதான் சரியான நேரம். ஆனால் மாமரத்தடியில் யாரும் இல்லை. கம்பி புல்லில் கிடந்தது.

ஊர் எல்லையில் காவலுக்கு நின்ற இரண்டு இளைஞர்களில் ஒருவன் வண்டியை நிறுத்த வழக்கம் போலக் கையை உயர்த்தினான். இரண்டாவது மணிச் சத்தத்துக்காக ஒரு கணம் ஊர்ப்பக்கம் காது கொடுத்தான். ஒன்றும் கேட்கவில்லை. உயர்ந்த கை தயங்கியது, தலையைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கியது.

வண்டி அவனைக் கடந்து போனது. பின் இருக்கையில் மரேதா திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தைதான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தது. ஃபங்கலூமாவில் அன்று உண்மையான சாயங்கால மணி அடிக்காமலே இருட்டியது.